மாவட்ட வருவாய் அலுவலரின் நோட்டீஸ்: அபராதத்தைக் கட்டிவிடுவதா, எதிர்த்து வாதாடுவதா?

கேள்வியின் சுருக்கம் இது. கணவனும் மனைவியுமாக மரச்செக்கு எண்ணெய்க் கடை நடத்துகிறார்கள். சில மாதங்களுக்கு முன்பு உணவுப் பாதுகாப்பு அலுவலர் நல்லெண்ணெய் மாதிரி எடுத்துச் சென்றார். பிறகு பதிவுத் தபாலில் ஓர் ஆய்வறிக்கை வந்தது. 'தகவலுக்கு' என்று நினைத்து பைலில் போட்டுவிட்டார்கள். இப்போது மாவட்ட வருவாய் அலுவலரிடமிருந்து விசாரணைக்கு அழைப்பு வந்திருக்கிறது. எண்ணெய் 'தரம் குறைந்தது', லேபிள் 'தப்புக்குறியீடு' (லேபிளில் தவறான அல்லது விடுபட்ட விவரம்) என்று இரண்டு குற்றச்சாட்டுகள். "பேசாமல் அபராதத்தைக் கட்டிவிடுங்கள்" என்கிறார் ஒருவர். "ஒப்புக்கொண்டால் உரிமமே போய்விடும், வக்கீல் வைத்து வாதாடுங்கள்" என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

அம்மா, இரண்டு பேரும் பாதி சரி. உங்கள் நோட்டீஸில் இருப்பது இரண்டு வழக்குகள். ஒன்றை ஒப்புக்கொள்ளலாம், மற்றொன்றை எதிர்க்கலாம். முழுதும் கட்டு அல்லது முழுதும் எதிர் என்று இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். உணவு உரிமம் தொடர்பான வேலைகளில் சிறு வியாபாரிகளோடு பல ஆண்டுகள் அலைந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கிவையுங்கள். நீங்கள் போவது கிரிமினல் நீதிமன்றத்துக்கு அல்ல. 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் இருந்த காலத்தில் லேபிள் பிழைக்குக்கூட மாஜிஸ்திரேட் முன் குற்றவாளியாக நிற்க வேண்டியிருந்தது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது அந்த முறை மாறியது. உயிருக்கோ உடலுக்கோ கேடு தரும் 'பாதுகாப்பற்ற' உணவு என்றால்தான் குற்ற வழக்கும் சிறையும். தரக்குறைவு, தப்புக்குறியீடு போன்றவற்றுக்கு, 68-ஆம் பிரிவின்படி தீர்ப்பளிக்கும் அலுவலர் விசாரித்துப் பண அபராதம் மட்டும் விதிப்பார். தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு மாவட்ட வருவாய் அலுவலரிடம் இருக்கிறது. பட்டா மேல்முறையீட்டுக்கு வந்தவர்களோடு அதே நடைபாதையில் நீங்களும் காத்திருப்பீர்கள். அவருடைய மேஜையில் முக்கால்வாசி நில விவகாரம். நடுவே உங்கள் எண்ணெய். ஆகவே, நீங்கள் சொல்லப்போவது சுருக்கமாகவும் தாளிலும் இருக்க வேண்டும்.

இன்னொரு ஆறுதல்: 'தரம் குறைந்தது' என்ற சொல்லுக்குச் சட்டமே தரும் பொருள், விதித்த அளவுகோலுக்குப் பொருந்தவில்லை, ஆனால் பாதுகாப்பற்றது என்று சொல்லும் அளவுக்கு இல்லை என்பதே. இதைத் தெரிந்துகொள்ளாமல் "எங்கள் எண்ணெயை விஷம் என்று சொல்லிவிட்டார்கள்" என்று வாடிக்கையாளர்களிடம் புலம்பி, இருக்கும் வியாபாரத்தையும் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது நோட்டீஸை எடுத்து, எந்தப் பிரிவுகள் எழுதப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். தரக்குறைவுக்கு 51-ஆம் பிரிவு, உச்ச அபராதம் 5 லட்சம் ரூபாய். தப்புக்குறியீட்டுக்கு 52-ஆம் பிரிவு, உச்சம் 3 லட்சம். தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று 53-ஆம் பிரிவையும் சேர்த்திருந்தால் அதன் உச்சம் 10 லட்சம். இவை எல்லாம் மேல்வரம்பு மட்டுமே. அதற்குள் எவ்வளவு என்பது அலுவலரின் முடிவு. "சின்னக் கடைக்கு 25,000-க்கு மேல் போட முடியாது" என்று ஒரு பேச்சு சந்தையில் உலவுகிறது. அது உரிமம் இல்லாமல் பதிவுச் சான்று மட்டும் வைத்திருக்கும் சிறு தொழில் செய்வோருக்கு, அதுவும் வாங்குபவர் கேட்ட தன்மையிலோ தரத்திலோ இல்லாத உணவை விற்பது பற்றிய 50-ஆம் பிரிவின் கீழ் மட்டும் உள்ள சலுகை. உங்கள் நோட்டீஸில் 50 இல்லை என்றால் அந்தப் பேச்சு உங்களுக்கு உதவாது. நீங்கள் பதிவுச் சான்று மட்டும் வைத்திருப்பவர் என்றால், 69-ஆம் பிரிவின்படி மாவட்ட நியமன அலுவலரிடம் (மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் பொறுப்பானவர்) சமரசத் தொகை கட்டி முடித்துக்கொள்ளும் வழி இருக்கிறதா என்று கேட்கலாம். சிறு உற்பத்தியாளர், சில்லறைக் கடைக்காரர், தெரு வியாபாரி போன்றவர்களுக்காக வைக்கப்பட்ட வழி அது. எல்லா இடத்திலும் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் கேட்காதவருக்கு நிச்சயம் கிடைக்காது.

லேபிள் வழக்கை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் எழுதியபடி, தொகுதி எண் (பேட்ச் நம்பர்) இல்லை. "இதயத்துக்கு இதமானது" என்ற வாசகம் இருக்கிறது. சமையல் எண்ணெய் லேபிளில் இந்த மாதிரியான புகழுரைகளைப் பட்டியல் போட்டே தடுத்திருக்கிறார்கள். கொலஸ்ட்ராலை எதிர்க்கும் என்ற வகை வாசகங்களோடு 'இதயத்துக்கு இதம்' என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அச்சகக்காரர் வேறு யாருடைய லேபிளையோ பார்த்துப் போட்டிருப்பார். அவர்மேல் பழி போட முடியாது, பொறுப்பு தயாரிப்பவருடையதுதான். இதை வாதாடி வெல்ல வாய்ப்பில்லை. "சந்தையில் எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள்" என்பதை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். நான் போன விசாரணைகளில் அந்த ஒரு வாக்கியம் அலுவலரின் முகத்தை மாற்றாத நாளே இல்லை. பிழையை ஒப்புக்கொண்டு, திருத்திவிட்டதற்குச் சான்று காட்டுவதே இங்கே வழி. புதிய லேபிள் அச்சடித்த ரசீது, புதிய லேபிள் ஒட்டிய பாட்டில் ஒன்று, மீதமிருந்த பழைய லேபிள்களை அழித்த புகைப்படம் மூன்றையும் கொண்டுபோங்கள். லேபிளை மாற்றும்போது நிகர அளவு, அதிகபட்ச விலை, புகார் எண் ஆகியவற்றையும் சரிபார்த்துவிடுங்கள். அவை எடையளவுச் சட்டத்தின் கீழ் வருபவை. அவை சரியில்லை என்றால், தொழிலாளர் துறையிலிருந்து வேறு ஓர் அலுவலர் வேறு ஒரு நோட்டீஸோடு வருவார்.

தரக்குறைவு வழக்குதான் உண்மையில் யோசிக்க வேண்டியது. பைலில் போட்ட அந்த ஆய்வறிக்கையை எடுங்கள். பல வரிகள் இருக்கும். அவற்றில் எது வரம்பை மீறியது என்று பார்த்து வட்டமிடுங்கள். நல்லெண்ணெயில் அமில மதிப்பு (எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைக் காட்டும் எண்) மட்டும் கூடியிருந்தால், விதை ஈரமாக இருந்தது, பழைய எள்ளை ஆட்டினீர்கள், தெளிய வைப்பதிலோ வைத்திருந்த இடத்திலோ கோளாறு என்று பொருள்படலாம். கெட்ட நோக்கம் இல்லை என்று சொல்வதற்கு இடம் இருக்கிறது. ஆனால் எண்ணெய் எந்த வகை என்று அடையாளம் காட்டும் அயோடின் மதிப்பு, ஒளிவிலகல், பெல்லியர் சோதனை போன்றவை விலகியிருந்தால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது என்ற சந்தேகம் எழும். அப்போது கதை வேறு. எள் உங்கள் செக்கிலேயே ஆட்டப்பட்டதா, அவசரத்துக்கு வெளியிலிருந்து எண்ணெய் வாங்கி நிரப்பினீர்களா? இதை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குள் உண்மையாகப் பேசிக்கொள்ளுங்கள். வாங்கி நிரப்பியிருந்தால் அந்த பில்லைத் தேடுங்கள். விற்றவரை நம்பி, செய்ய வேண்டிய சோதனைகளைச் செய்து வாங்கினேன் என்று காட்ட 80-ஆம் பிரிவு ஒரு தற்காப்பைத் தருகிறது. பில் இல்லாமல் அந்தத் தற்காப்பு நிற்காது. இதைப் படிக்கும் மளிகைக் கடைக்காரர்களுக்கும் இதுவே பொருந்தும்: பிறர் தயாரித்த பாக்கெட்டுக்கு உங்களுக்கு நோட்டீஸ் வந்தால் முதலில் தேட வேண்டியது கொள்முதல் பில்.

அடுத்தது, ஆய்வறிக்கை வந்த தேதி. அறிக்கை தவறு என்று நினைப்பவர், அது கையில் கிடைத்த 30 நாட்களுக்குள் மாவட்ட நியமன அலுவலரிடம் 46-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். அவர் ஏற்றுக்கொண்டால், தன்னிடம் இருக்கும் மாதிரிப் பகுதியை மேல் ஆய்வகத்துக்கு அனுப்புவார். மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் அப்படிப்பட்ட ஒன்று. அங்கே வரும் முடிவே இறுதி. நீங்கள் இந்த வாய்ப்பைத் தெரியாமல் தவறவிட்டிருக்கிறீர்கள். சட்டப் போராட்டத்தின் முக்கால் பங்கு விசாரணை அறையில் அல்ல, அந்த 30 நாளில்தான் நடக்கிறது. பழுப்பு உறையில் வருவது எதுவாக இருந்தாலும் வந்த தேதியை உறைமேல் எழுதிவையுங்கள்.

ஆனால் தவறவிட்டதற்காக நெஞ்சில் அடித்துக்கொள்ளவும் வேண்டாம். இந்த மறு ஆய்வில் நானே ஒருமுறை சூடு பட்டிருக்கிறேன். கடலை எண்ணெய் ஆட்டும் ஒருவருக்கு அமில மதிப்பு எல்லைக்கு மிக அருகில்தான் தவறியிருந்தது. "மேல்முறையீடு போடுங்கள், நிச்சயம் தப்பித்துவிடலாம்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். எண்ணெய் நாளாக ஆகக் காரலடிக்கும், அமில மதிப்பு ஏறும் என்பது செக்கடியில் நிற்கும் சிறுவனுக்கும் தெரியும். எனக்கு அன்று தோன்றவில்லை. மாதங்கள் கழித்துச் சோதித்தபோது முதல் அறிக்கையைவிட மோசமான எண் வந்தது. அதுவே இறுதியாகவும் ஆனது. இனிப்பு, மசாலாத்தூள் போன்றவற்றில் ஈரப்பதம், சாம்பல் அளவு என்ற வகையில் தகராறு இருந்தால் மறு ஆய்வு பயன் தரலாம். எண்ணெயில் அமில மதிப்புக்காக மறு ஆய்வு கேட்பதற்கு முன் ஒரு இரவு தூங்கி எழுந்து யோசிக்க வேண்டும்.

அறிக்கை உங்களுக்கு முறையாக வந்து சேரவே இல்லை என்றால் அது வேறு. அப்போது மேல்முறையீட்டு உரிமையே பறிபோயிருக்கிறது. அதுதான் உங்கள் முதல் வாதமாக இருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் தபாலில் வந்து, கையெழுத்திட்டு வாங்கியிருக்கிறீர்கள். ஒப்புகை அட்டை அவர்களுடைய கோப்பில் இருக்கும். வரவில்லை என்று பொய் சொல்லி அங்கே மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மிச்சமிருப்பது நடைமுறைக் கேள்விகள். மாதிரி எடுத்த அன்று ஐந்து-ஏ படிவத்தில் நோட்டீஸ் தந்தார்களா? மாதிரியை நான்கு பகுதியாகப் பிரித்து முத்திரையிட்டார்களா? உறைமேல் உங்கள் கையெழுத்து வாங்கினார்களா? எடுத்த எண்ணெய்க்குக் கடை விலையைக் கொடுத்தார்களா? முக்கியமாக, எடுத்தது சட்டப்பூர்வ மாதிரியா, வெறும் கண்காணிப்பு மாதிரியா? கண்காணிப்பு மாதிரியின் முடிவை வைத்து அபராத வழக்குத் தொடர முடியாது. அது குறையைக் கண்டறிவதற்கு மட்டும். அந்த நான்கில் ஒரு பகுதியை அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்துக்கு உங்கள் செலவில் அனுப்பும்படி அப்போதே கேட்கும் உரிமை 47-ஆம் பிரிவில் இருக்கிறது. இரண்டு முடிவுகளும் வேறுபட்டால் மேல் ஆய்வகத்துக்குப் போகும். அலுவலரிடம் அப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று பயந்து யாரும் கேட்பதில்லை. அடுத்த முறை கேளுங்கள்.

ஆய்வகத்தின் தகுதியையும் பாருங்கள். அது வெறும் சம்பிரதாயம் அல்ல. 2015 ஆகஸ்டில் மேகி நூடுல்ஸ் தடையை பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது சொன்ன காரணங்களில் இரண்டு: நிறுவனத்தின் விளக்கத்தைக் கேட்காமல் தடை விதித்தது, சோதித்த ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லாதது. உணவு நல்லதா கெட்டதா என்பதை நீதிபதிகள் தீர்மானிக்கவில்லை. அங்கீகாரம் பெற்ற வேறு மூன்று ஆய்வகங்களில் மறுபடி சோதிக்கச் சொன்னார்கள். பெரிய நிறுவனம், பெரிய வக்கீல்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த இரண்டு கேள்விகளையும் நீங்கள் ஒரு வெள்ளைத்தாளில் கேட்கலாம். பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. தாமதமானால் வழக்கே செல்லாது என்று சில தீர்ப்புகள், அது வழிகாட்டுதல் மட்டுமே என்று வேறு சில. எனவே தாமதத்தை உங்கள் மனுவில் ஒரு வரியாகக் குறிப்பிடுங்கள். அதை மட்டும் நம்பி விசாரணைக்குப் போகாதீர்கள்.

எல்லாக் கேள்வியும் தோற்றாலும் அபராதத் தொகை மிச்சமிருக்கிறது. சிறு வியாபாரிக்கு உண்மையான பேரம் இங்கேதான். அபராதத்தை நிர்ணயிக்கும்போது எவற்றைக் கருத வேண்டும் என்று 49-ஆம் பிரிவு சொல்கிறது: தவறால் கிடைத்த லாபம், பிறருக்கு ஏற்பட்ட நட்டம், தவறு திரும்பத் திரும்ப நடந்ததா, தெரியாமல் நடந்ததா, இன்னும் பொருத்தமான வேறு எதுவும். இந்த வரிசையையே உங்கள் மனுவின் எலும்புக்கூடாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகுதியில் எத்தனை லிட்டர் ஆட்டினீர்கள், எத்தனை விற்றது, லிட்டருக்கு என்ன மிஞ்சியது என்று கணக்கு எழுதுங்கள். நாற்பது லிட்டர் எண்ணெயில் கிடைத்த லாபத்தைப் பார்த்த அலுவலர் லட்சத்தில் யோசிப்பது கடினம். புகார் எதுவும் வந்ததில்லை, இதுவே முதல் முறை என்பதை எழுதுங்கள். அதற்குப் பிறகு ஆட்டிய எண்ணெயை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்த அறிக்கை இருந்தால் இணையுங்கள்; இல்லையென்றால் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

மனு தமிழிலேயே இருக்கட்டும், இரண்டு பக்கம் போதும். இப்படித் தொடங்கலாம்: "லேபிளில் தொகுதி எண் விடுபட்டதையும் தடை செய்யப்பட்ட வாசகம் அச்சிடப்பட்டதையும் ஒப்புக்கொள்கிறோம், இன்ன தேதியில் திருத்திவிட்டோம், சான்று இணைப்பு ஒன்று. தரக்குறைவு என்ற குற்றச்சாட்டைப் பொறுத்தவரை, பின்வரும் காரணங்களால் அதை ஏற்க இயலவில்லை." முதல் பத்தியில் ஒப்புக்கொண்டது இரண்டாம் பத்திக்குத் தாவாமல் இருக்க அந்த 'பொறுத்தவரை' மிக அவசியம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலகத்தின் பெறுதல் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

வக்கீல் கட்டாயம் இல்லை. உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே போய்ப் பேசலாம். கலப்படச் சந்தேகம் என்றால் மட்டும் உணவுச் சட்டம் தெரிந்த வக்கீலைப் பிடியுங்கள். எதைச் செய்தாலும் போகாமல் மட்டும் இருக்காதீர்கள். நீங்கள் இல்லாமலே விசாரித்து ஆணை போட அவருக்கு அதிகாரம் உண்டு. அன்று வர முடியாத காரணம் இருந்தால் முன்னதாக எழுத்தில் வேறு தேதி கேளுங்கள்.

நடுவில் யாராவது தொலைபேசியில் அழைத்து, இவ்வளவு அனுப்பினால் முடித்துத் தருகிறேன் என்றால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். அபராதம் என்பது ஆணை வந்த பிறகு, ஆணையில் சொன்ன வழியில், அரசுக் கணக்கில் சேர்வது. யாருடைய கைக்கும், யாருடைய செல்பேசி எண்ணுக்கும் போவதல்ல.

ஆணை வந்தபின் மறுபடியும் அதே கேள்வி வரும்: கட்டுவதா, மேல்முறையீடா? விதித்த தொகை உங்களால் தாங்கக்கூடியது, ஆணையில் சொன்ன காரணங்களும் உண்மை என்றால் கட்டிவிடுங்கள். மேல்முறையீட்டுக்கு அலையும் நாட்களில் செக்கு நின்றுவிடும். அந்த நட்டத்தையும் கணக்கில் சேருங்கள். உங்கள் மனுவில் எழுதியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் ஆணை போட்டிருந்தால், நோட்டீஸில் இல்லாத பிரிவில் தண்டித்திருந்தால், 49-ஆம் பிரிவைத் தொடாமலே பெருந்தொகை விதித்திருந்தால், 30 நாட்களுக்குள் உணவுப் பாதுகாப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். அங்கே தலைமை வகிப்பவர் மாவட்ட நீதிபதி தகுதியில் இருப்பவர். மேல்முறையீட்டோடு இடைக்காலத் தடையும் சேர்த்துக் கேளுங்கள். மனு போட்டதாலேயே வசூல் நின்றுவிடாது. அங்கும் தோற்றால் 60 நாட்களுக்குள் உயர் நீதிமன்றம். உரிமையியல் நீதிமன்றத்தில் தனியாக வழக்குப் போடச் சொல்பவரை நம்ப வேண்டாம். இந்த விஷயத்தில் அந்தக் கதவைச் சட்டமே மூடியிருக்கிறது.

உங்கள் கணவர் அஞ்சும் உரிம விஷயத்துக்கு வருகிறேன். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதால் உரிமம் தானாகப் பறிபோகாது. கட்டாமல் விட்டால்தான் போகும். 96-ஆம் பிரிவின்படி, கட்டாத அபராதம் நில வருவாய் பாக்கியைப் போல வசூலிக்கப்படும். கட்டும்வரை உரிமம் நிறுத்திவைக்கப்படும். அதாவது வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து ஆள் வருவார், அதே நேரத்தில் செக்கையும் ஓட்ட முடியாது. நான் பார்த்தவர்களில் உரிமத்தைப் பறிகொடுத்தவர்கள் பெரும்பாலும் குற்றம் பெரிதாக இருந்தவர்கள் அல்ல, ஆணையை அலமாரியில் வைத்துவிட்டு மறந்தவர்கள். கட்டியதும் செலானின் நகலை மாவட்ட நியமன அலுவலர் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பணம் கருவூலத்துக்குப் போய்ச் சேர்ந்த செய்தி அந்த அலுவலகத்துக்குத் தானாக வந்துவிடும் என்று எண்ணி, உரிமம் புதுப்பிக்கும் நேரத்தில் 'பாக்கி இருக்கிறது' என்று திரும்பிவந்த விண்ணப்பங்கள் உண்டு.

இப்போதைக்கு மூன்று வேலைகள்: லேபிளுக்கு இன்றே அச்சகம், எண்ணெய் மாதிரிக்கு நாளை ஆய்வகம், ஆய்வறிக்கையில் வட்டமிட்ட அந்த ஒற்றை வரியைப் புகைப்படம் எடுத்து எனக்கு அனுப்புவது. அமில மதிப்பா, அயோடின் மதிப்பா என்பதைப் பார்த்துவிட்டு மனுவின் இரண்டாம் பத்தியை எப்படி எழுதலாம் என்று சொல்கிறேன்.